எண்பது துடிப்புகள், ஒரு கறுப்பு உறை

கறுப்புப் பின்னணியில் எண்பது வெள்ளைக் கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. இரண்டு ஓரங்களிலும் ஏறக்குறையத் தட்டையாக ஓடும் கோடுகள் நடுவுக்கு வந்ததும் முகடும் பள்ளமுமாகக் கொந்தளிக்கும். எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. இந்தப் படம் போட்ட டி-ஷர்ட்டை இன்று உலகத்தின் எந்தப் பெருநகரத்திலும் பார்க்கலாம். போட்டிருப்பவர்களில் பலருக்கு அது ஓர் ஆல்பத்தின் அட்டை என்று தெரிந்திருக்கும்: ஜாய் டிவிஷன் என்ற மான்செஸ்டர் ராக் குழு 1979 ஜூனில் வெளியிட்ட ‘அன்நோன் பிளெஷர்ஸ்’. ஆனால் படத்தில் இருப்பது என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். இதயத் துடிப்பு என்பார் ஒருவர். மூளை அலை என்பார் இன்னொருவர். பாடகர் இயன் கர்ட்டிஸுக்கு வலிப்பு நோய் இருந்ததையும், ஆல்பம் வந்த மறு ஆண்டே அவர் தற்கொலை செய்துகொண்டதையும் காரணமாகச் சொல்வார். மலைத்தொடர் என்பவர்கள் உண்டு, ஏதோ ஒரு பாட்டின் ஒலியலை என்பவர்களும் உண்டு.

அது ஒரு பல்சரின் துடிப்பு. சி.பி. 1919 என்று பெயர். வல்பெக்குலா எனும் குள்ளநரி விண்மீன் குழுவில் இருக்கிறது. 1919 என்பது ஆண்டு அல்ல. வானத்தில் அதன் இருப்பிடத்தைக் குறிக்கும் 19 மணி 19 நிமிடம் என்ற அளவு.

ராக் ஆல்பங்களின் அட்டையில் மறைபொருள் தேடுவது ரசிகர்களின் நெடுநாள் பழக்கம். பீட்டில்ஸின் ‘அபி ரோட்’ அட்டையில் பால் மெக்கார்ட்னி வெறுங்காலோடு சாலையைக் கடக்கிறார் என்பதையே சாட்சியாக்கி, அவர் செத்துப்போய்விட்டார் என்ற வதந்தி 1969இல் காட்டுத்தீயாகப் பரவியது. அப்படித் தேடுகிறவர்கள், யாரோ ஒருவர் வேண்டுமென்றே எதையோ ஒளித்துவைத்திருக்கிறார் என்றே நினைக்கிறார்கள். ‘அன்நோன் பிளெஷர்ஸ்’ கதை அப்படிப்பட்டதல்ல. இதில் யாரும் எதையும் ஒளிக்கவில்லை. படம் ஒவ்வொரு முறை கைமாறியபோதும் அதன்மேல் ஒட்டியிருந்த விளக்கம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது. விளக்கத்தோடு சில மனிதர்களின் பெயர்களும் உதிர்ந்தன. அவர்களை ஒவ்வொருவராக மறுபடி படத்தின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முதல் ஆள் ஜோஸலின் பெல். 1967இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்ட மாணவி, வயது 24. அவருடைய வழிகாட்டி ஆன்டனி ஹியூவிஷ், சூரியக் காற்றால் ரேடியோ மூலங்கள் மினுங்குவதை ஆராய்வதற்காக ஊருக்கு வெளியே நாலரை ஏக்கர் நிலத்தில் ஒரு தொலைநோக்கி அமைத்தார். கிண்ணம்போலத் தட்டு எதுவும் கிடையாது. வயலில் நட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பங்களும் அவற்றுக்கிடையே இழுத்துக் கட்டிய கம்பிகளும்தான். சம்மட்டி எடுத்துக் கம்பம் அறைந்தவர்களில் பெல்லும் ஒருவர். தொலைநோக்கி ஓடத் தொடங்கியதும் நாளொன்றுக்குச் சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு வரைவுத்தாள் சுருள் சுருளாக வந்து விழுந்தது. அதைக் கண்ணால் படிப்பது அவர் வேலை.

வானத்தை ஒருமுறை முழுக்க அளந்து முடிக்க நான்கு நாள், ஏறக்குறைய 120 மீட்டர் தாள். அந்த 120 மீட்டரில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கிறுக்கல் அவர் கண்ணை உறுத்தியது. ரேடியோ மூலத்தின் மினுக்கமாகவும் தெரியவில்லை, வண்டிகளும் கருவிகளும் கிளப்பும் தரைக்கோளாறாகவும் தெரியவில்லை. வானத்தின் அதே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்தது. நவம்பர் 28 அன்று தாளை வேகமாக ஓடவிட்டுப் பதிந்தபோது கிறுக்கல் தனித்தனித் துடிப்புகளாகப் பிரிந்தது. 1.337 வினாடிக்கு ஒரு துடிப்பு, இம்மி பிசகாமல். வேற்றுக் கிரகத்தாரின் செய்தியோ என்ற பாதி விளையாட்டான சந்தேகத்தில் அதற்குச் ‘சின்னப் பச்சை மனிதர்கள்’ என்று பட்டப்பெயர்கூட வைத்தார்கள். டிசம்பரில் வானத்தின் வேறொரு மூலையில் இன்னொரு துடிப்பைப் பெல் பிடித்ததும் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. ஒரே சமயத்தில் இரண்டு திசையிலிருந்து இரண்டு கூட்டத்தார் ஒரேமாதிரி சைகை அனுப்பிக்கொண்டிருக்க மாட்டார்கள் அல்லவா.

1968 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழ் செய்தியை வெளியிட்டது. 1974இல் இயற்பியல் நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. பெல்லுக்கு இல்லை. அவருடைய ஆய்வேட்டிலேயே பல்சர்கள் ஒரு பின்னிணைப்பில்தான் இடம்பெற்றன. 2018இல் 30 லட்சம் டாலர் மதிப்புள்ள வேறொரு பெரிய பரிசு வந்தபோது, இயற்பியலில் வாய்ப்புக் குறைந்த பிரிவினரிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவர்களுக்கென அந்தத் தொகை முழுவதையும் அவர் கொடுத்துவிட்டார்.

துடிப்பது என்ன என்பதும் விரைவில் விளங்கியது. சூரியனைவிட அதிகப் பொருளை 20 கிலோமீட்டர் அகலத்துக்குள் அமுக்கி அடக்கிக்கொண்ட நியூட்ரான் விண்மீன் அது. தன்னைத்தானே சுற்றுகிறது, அதன் ரேடியோக் கற்றை பூமியைத் தொட்டுக் கடக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு துடிப்பு கேட்கிறது. அந்தக் கற்றை விண்மீனின் காந்த முனையருகிலிருந்துதான் கிளம்புகிறது என்பதற்கு 1969இல் வலுவான சான்று கொடுத்த இருவரில் ஒருவர் நம் ஊர்க்காரர். சென்னைத் தண்டையார்பேட்டையில் பிறந்த வி. ராதாகிருஷ்ணன், சர் சி.வி. ராமனின் மகன். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் டி.ஜே. குக்குடன் சேர்ந்து வேலா பல்சரை அளந்து அதைக் காட்டினார். அட்டையில் இருக்கும் பல்சர் வேறு என்றாலும், அந்தக் கோடுகள் நடுவில் மட்டும் ஏன் எழும்புகின்றன என்பதற்கு விடை அவருடைய ஆய்வில் இருக்கிறது. கற்றை நம் பக்கம் திரும்பியிருக்கும் சிறு நேரத்தில் மேடு, மற்ற நேரமெல்லாம் சமதளம்.

படம் பிறந்தது இதற்குப் பிறகு, வேறொரு கண்டத்தில். புவெர்ட்டோ ரிக்கோத் தீவின் மலைகளுக்கிடையே, ஒரு பள்ளத்தில் பதித்த 305 மீட்டர் அகலத் தட்டுடன் அரெசிபோ தொலைநோக்கி 1963இல் திறக்கப்பட்டது. நடத்தியது அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம். அங்கே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த ஹரால்டு கிராஃப்ட், பன்னிரண்டு பல்சர்களின் துடிப்பு வடிவங்களை அளந்து 1970இல் ஆய்வேடு கொடுத்தார். அவருக்குள் ஒரு குறிப்பான கேள்வி இருந்தது. பல்சரின் நேரம் தவறுவதே இல்லை, ஆனால் ஒரு துடிப்பின் உருவம் அடுத்ததன் உருவத்தைப்போல் இருப்பதும் இல்லை. ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் இரண்டு மூன்று சிறு துடிப்புகள் தெரிகின்றன. சில பல்சர்களில் அவை மெல்ல மெல்ல இடம் பெயர்கின்றன. இதை அவரும் வானியலாளர் ஃபிராங்க் டிரேக்கும் 1968இலேயே கண்டிருந்தார்கள். அந்த நகர்வில் ஏதாவது ஒழுங்கு உண்டா? கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டுமானால் அடுத்தடுத்த துடிப்புகளை வரிசையாக அடுக்கிப் பார்ப்பதுதான் வழி.

அடுக்கினார். குழப்பமாக வந்தது. ஒரு கோட்டின் முகடு மேலே இருக்கும் கோட்டுக்குள் ஏறிப் பின்னிக்கொள்ள, எது எந்தத் துடிப்பு என்று பிரித்தறிய முடியவில்லை. பிறகு கணினி நிரலில் ஒரு விதியைச் சேர்த்தார்: முன்கோடு மேடாக எழும் இடத்தில், அதற்குப் பின்னால் வரும் கோட்டை வரையாதே. வால்பாறை மலைப்பாதையில் நின்று பார்க்கும்போது முன்மலை பின்மலையின் அடிவாரத்தை மறைத்து முகட்டை மட்டும் காட்டுகிறதே, அதேபோல. அந்த ஒரு விதிதான் அட்டவணையாக இருந்த தரவை நிலப்பரப்பாக மாற்றியது. படத்தைப் பார்த்ததும் ஆழம் தெரிவதும், கை வைத்தால் மேடு தட்டுப்படும் என்று தோன்றுவதும், விண்மீனின் வேலையல்ல; மறைக்கும் அந்த விதியின் வேலை. இந்தப் படத்தின் அழகு எங்கே பிறந்தது என்று கேட்டால் நான் அந்த விதியைத்தான் காட்டுவேன். வடிவமைப்பு என்ற எண்ணமே இல்லாமல், தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் எடுத்த முடிவு அது.

கணினி போட்ட படம் அப்படியே ஆய்வேட்டுக்குப் போகவில்லை. கார்னெலில் வரைவாளராக வேலை பார்த்த ஒரு பெண்மணியிடம் கிராஃப்ட் கொடுத்தார். எண்பது கோடுகளையும், ஒவ்வொரு நடுக்கத்தையும் ஒவ்வொரு குத்து முகட்டையும், அவர் இந்தியன் இங்க்கில் கையால் படியெடுத்தார். அந்தக் காலத்து வரைவறையில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மை காயும் முன் கை பட்டால் என்ன ஆகும் என்று. கணினிப் படம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது ஒரு பெண்ணின் கைவேலை. கிராஃப்ட் பல ஆண்டுகள் கழித்து இந்தக் கதையைச் சொன்னபோதும் அவரை ‘ஒரு பெண் வரைவாளர்’ என்றே குறிப்பிட்டார்.

எண்பது துடிப்புகள், ஒவ்வொன்றும் 1.337 வினாடி. ஆக மொத்தம் 107 வினாடி. அந்தப் படம், வானத்தில் ஒரு பொருள் கழித்த ஒரு நிமிடம் 47 வினாடியின் பதிவு.

இனிமேல்தான் விளக்கங்கள் உதிரத் தொடங்குகின்றன. 1971 ஜனவரியில் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழ் பல்சர்கள் பற்றிய கட்டுரையுடன் இதை ஒரு முழுப் பக்கத்தில் போட்டது, நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக. நிறத் தளத்தில் வெள்ளைக் கோடு என்ற எண்ணம் ஆல்பத்துக்கு எட்டு ஆண்டு முன்பே ஓர் அறிவியல் இதழின் வடிவமைப்பாளருக்கு வந்திருக்கிறது. 1977இல் ‘கேம்பிரிட்ஜ் வானியல் கலைக்களஞ்சியம்’ அதை வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளாக அச்சிட்டது. கூடவே ஒரு சிறு விளக்கம்: முதல் பல்சரின் அடுத்தடுத்த துடிப்புகள், இத்தனை வினாடிக்கொன்று, சுழலும் நியூட்ரான் விண்மீனால் உண்டாகின்றன. ஆய்வேட்டில் பக்கம் பக்கமாக இருந்த கதை மூன்று வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது.

அந்தப் புத்தகத்தின் ஒரு படி மான்செஸ்டர் மத்திய நூலகத்தில் இருந்தது. ஜாய் டிவிஷனில் கிதார் வாசித்த பெர்னார்ட் சம்னர் அப்போது ஓர் அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை பார்த்துக்கொண்டு, மதிய இடைவேளைகளில் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் புரட்டுவார். அப்படிப் புரட்டியபோதுதான் இந்தப் படம் கண்ணில் பட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். பொது நூலகம் ஒன்றில், குறிப்புதவிக்காக வாங்கி வைத்த தடித்த புத்தகத்தில், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்த படம். பஞ்சாலைகள் மூடிக்கிடந்த நகரத்தில் வேலைக்குப் போகும் ஓர் இளைஞனுக்கு நியூட்ரான் விண்மீனைக் கொண்டுவந்து கையில் கொடுத்தது நூலகம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

படம் அடுத்து பீட்டர் சாவிலிடம் போனது. மான்செஸ்டர் பாலிடெக்னிக்கில் படித்த 23 வயது வடிவமைப்பாளர். ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். குழு சில பொருள்களைக் கொடுத்தது: பல்சர் படம், கதவிடுக்கில் ஒரு கை நீளும் ரால்ஃப் கிப்சனின் புகைப்படம், ஆல்பத்தின் தலைப்பு. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது. வெளியட்டை வெள்ளையாகவும் உள்ளுறை கறுப்பாகவும் இருக்க வேண்டும். சாவில் அதைத் தலைகீழாக்கினார். வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை. அப்படித்தான் அதற்கு ஒரு கனம் வரும் என்று அவருக்குப் பட்டது.

அவர் செய்தவற்றைக் கிட்டே வைத்துப் பார்த்தால் அவருடைய கட்டுப்பாடு புரியும். கோட்டின் வடிவத்தில் கை வைக்கவே இல்லை. நிறத்தைத் திருப்பினார். படத்தை அட்டை முழுக்கப் பெரிதாக்காமல் சிறிதாக்கி நடுவில் வைத்து, நாலாபுறமும் தாராளமாகக் கறுப்பு விட்டார். வழவழப்பான தாளை விட்டுவிட்டு, விரல் ஓட்டினால் தட்டுப்படும் சொரசொரப்பான அட்டையைத் தேர்ந்தார். பிறகு முகப்பில் குழுவின் பெயரையும் தலைப்பையும் போடவே வேண்டாம் என்று மேலாளர் ராப் கிரெட்டனுடன் பேசி முடிவெடுத்தார். பாப் நட்சத்திர ஆர்ப்பாட்டம் வேண்டாம் என்பது அவர்கள் எல்லாருடைய மனநிலை. பெயர் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. தட்டின் இரண்டு பக்கங்களுக்கும் ஏ, பி என்று போடாமல் ‘வெளிப்புறம்’, ‘உட்புறம்’ என்று பொருள்படும் பெயர்கள் வைத்தார்கள்.

அப்போது கலைக்களஞ்சியத்தில் மிஞ்சியிருந்த மூன்று வாக்கியமும் போயிற்று. அச்சு இல்லை, அளவு இல்லை, பெயர் இல்லை. கடையில் உறையை எடுத்துப் பார்ப்பவருக்கு அது என்னவென்று சொல்ல எதுவுமே இல்லை. இதயத்தையும் மூளையையும் மலையையும் ரசிகர்கள் கொண்டுவந்து வைத்தது அந்த வெற்றிடத்தில்தான். சாவிலுக்கே படத்தின் பிறப்பிடம் சரியாகத் தெரியாது. மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஜோட்ரெல் பேங்க் என்ற புகழ்பெற்ற ரேடியோ தொலைநோக்கி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த படமாக இருக்கும், உள்ளூர்க் குழுவுக்கு உள்ளூர் விண்மீன் பொருத்தமே என்று அவர் எண்ணியிருந்தார். அரெசிபோ அவர் மனத்தில் இல்லை.

படத்துக்கும் இசைக்கும் பொருத்தம் உண்டா? உண்டு என்பேன். ஸ்டாக்போர்ட்டில் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் பதிவு செய்த இந்த ஆல்பத்தில், ஸ்டீபன் மாரிஸின் டிரம் கடிகாரம்போலத் தவறாமல் விழுகிறது; அதைச் சுற்றி எதிரொலியும் வெற்றிடமும். மேலே கர்ட்டிஸின் குரல் ஒவ்வொரு முறையும் வேறு உருவெடுக்கிறது. கிராஃப்ட் பல்சரில் கண்டதும் அதுதானே: நேரம் மாறாது, உருவம் ஒருபோதும் திரும்பாது.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது, கணக்குப் போட்டால் வெளிப்படுவது. 1.337 வினாடிக்கு ஒரு சுற்று என்றால் நிமிடத்துக்கு 44.88 சுற்று. ஏழு அங்குல சிங்கிள் இசைத்தட்டு சுழலும் வேகம் 45. ஒரு சுற்றுக்கு வித்தியாசம் ஒரு வினாடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் நான்கு பங்குதான். யாரும் திட்டமிடாத ஒற்றுமை இது. எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஆகவே இந்த உறைக்குள் இருக்கும் தட்டு, உறைமேல் இருக்கும் விண்மீனைவிட மெதுவாகச் சுற்றுகிறது.

முதலில் 10,000 பிரதிகள் அச்சிட்டார்கள். ஃபேக்டரியின் டோனி வில்சன் தன் சேமிப்பை அதில் போட்டிருந்தார். மெல்லத்தான் விற்றது. 1980 மே மாதம் கர்ட்டிஸ் இறந்த பிறகு உறையின் கறுப்புக்குத் துக்கத்தின் பொருள் வந்து சேர்ந்தது. சாவில் அதை வடிவமைத்தபோது அங்கே இல்லாத பொருள். பிறகு சுவரொட்டி, சட்டை, பச்சை குத்துதல். 2012இல் டிஸ்னி நிறுவனம் இந்தக் கோடுகளை மிக்கி மவுஸ் தலை வடிவத்தில் வளைத்து ஒரு சட்டை போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது.

இதெல்லாம் தொடங்கியபோது கிராஃப்டுக்கு எதுவும் தெரியாது. உன் படம் ஓர் ஆல்பத்தின் அட்டையில் இருக்கிறது என்று சக ஊழியர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தார். இசைத்தட்டுக் கடைக்குப் போனார், இருந்தது. தன் படமாயிற்றே, ஒரு பிரதி வேண்டாமா என்று ஆல்பத்தையும் சுவரொட்டியையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தார். படம் கடந்து வந்த பாதையை 2015இல் தேடித் துலக்கியவர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழின் வரைபடப் பிரிவைச் சேர்ந்த ஜென் கிறிஸ்டியன்சன். கலைக்களஞ்சியத்திலிருந்து பின்னோக்கி நடந்து, கார்னெல் நூலகத்தில் இருந்த ஆய்வேட்டின் பக்கத்தைக் கண்டெடுத்து, கிராஃப்டிடமே பேசினார். மறைக்கும் விதியும் வரைவாளரின் மையும் வெளியுலகுக்குத் தெரியவந்தது அவருடைய உழைப்பால்தான். அரெசிபோ தொலைநோக்கி இன்று இல்லை. 2020 டிசம்பர் 1 அன்று, கம்பிவடங்கள் அறுந்து, மேலே தொங்கிய மேடை தட்டின்மீதே விழுந்து நொறுங்கியது.

படம் மட்டும் ஆராய்ச்சியாளர்களின் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டது. 2017இல் புள்ளியியலாளர்கள் இந்த அடுக்கு முறையைத் தங்கள் தரவுக்குப் பயன்படுத்தத் தொடங்கி, ஆல்பத்தின் நினைவாக ‘ஜாய் பிளாட்’ என்று பெயரிட்டார்கள். ஆர் என்ற நிரல்மொழியில் கிளாஸ் வில்கி அதற்கென ஒரு நிரல் தொகுப்பே எழுதினார். சில மாதங்களில் பெயர் உறுத்தியது. குழு தன் பெயரை எடுத்தது நாஜி வதைமுகாம்களில் பெண்களைப் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த கொடுமையைச் சொல்லும் ஒரு நாவலிலிருந்து. அந்தப் பெயரை ஒரு வரைபடத்துக்குச் சூட்டக் கூடாது என்று, தொகுப்புக்கு ‘ஜிஜிரிட்ஜஸ்’ என்று மறுபெயர் வைத்தார் வில்கி. சரியான முடிவு. இப்போது எந்த மாணவரும் ஒரே வரிக் கட்டளையில் இந்தப் படத்தைப் போடலாம்; முன்கோடு பின்கோட்டை மறைக்கும் வேலையைத் தொகுப்பே பார்த்துக்கொள்ளும். பழகிப் பார்ப்பதற்கென அதனுடன் வரும் மாதிரித் தரவுகளில் ஒன்று, அமெரிக்காவின் லிங்கன் நகரத்தில் 2016ஆம் ஆண்டு முழுதும் பதிவான வெப்பநிலை: ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மேடுகள்.